ஓடிக்கொண்டிருந்த கார் பொசுக்கென்று நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லையா?

சேலத்திலிருந்து தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சித்திரை வெயில், மதியம் இரண்டு மணி. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்த பெட்ரோல் கார், ஒரு குலுக்கல்கூட இல்லாமல், யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி நின்றது. செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பின்னால் வரிசையாக லாரிகள். அரை மணி நேரம் கழித்துச் சும்மா ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

வண்டி தன் நோயை அந்த அரை மணி நேரத்திலேயே சொல்லிவிட்டது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. அடுத்த மூன்று வாரத்தில் ஒரு ஃபியூயல் பம்பும் நான்கு பிளக்கும் வாங்கிப் போட்டேன், இரண்டுமே தேவையில்லாத செலவு. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அதற்குப் பிறகு நானும் தெரிந்தவர்களும் நடுரோட்டில் நின்றபோதெல்லாம் பார்த்துப் பழகியதை, அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

முதல் ஐந்து நிமிடம்

எஞ்சின் நின்றதும் பிரேக் உதவியும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும். பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் லேசாக இருக்கும், அப்புறம் கல் மாதிரி ஆகிவிடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். உருளும்போது சாவியைக் கடைசி வரை திருப்பி எடுத்துவிட வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது வண்டி நின்றால், நியூட்ரலில் உருட்டிக்கொண்டே கீழே போய்விடலாம் என்று நினைக்கவே வேண்டாம். அந்த இறக்கத்தில் எஞ்சின் ஓடும் லாரிகளே பிரேக் பிடிக்காமல் போயிருக்கின்றன.

இடது ஓரம், ஹஸார்டு விளக்கு, ஹேண்ட்பிரேக், முதல் கியர், சக்கரத்துக்கு ஒரு கல். முக்கோணப் பலகையை ஐம்பது மீட்டராவது பின்னால் வையுங்கள். வளைவில் நின்றிருந்தால் வளைவுக்கு முன்பே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வைத்தும் பயனில்லை. ஆட்களை இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குப் போன் செய்தால் ரோந்து வண்டியோ கிரேனோ வரும். பென்னாகரம் - ஒகேனக்கல், தேன்கனிக்கோட்டை - அஞ்செட்டி மாதிரிக் காட்டு வழியில் இருட்டிய பிறகு நின்றால் வண்டிக்குள்ளேயே இருப்பதுதான் நல்லது. யானை நடக்கும் பாதை அது.

இப்போது செல்ஃபைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் மூன்று விஷயத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். திக்கித் திணறி நின்றதா, ஒரே வெட்டாக நின்றதா? நிற்பதற்கு முன் டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தது, எந்த முள் எங்கே இருந்தது? சாவியைத் திருப்பினால் இப்போது என்ன சத்தம் வருகிறது?

இன்னொன்று. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா? மிதவை சிக்கிக்கொண்டால் முள் கால் டேங்க் காட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், ஏற்றத்தில் அது டேங்க்கின் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட, பம்ப் காற்றை உறிஞ்சும். சமதரையில் ஓடிய வண்டி கணவாயில் நிற்கும். சிஎன்ஜி மாட்டிய வண்டியானால் பெட்ரோலுக்கு மாற்றி ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

சாவி திருப்பினால் ஒன்றுமே இல்லை, டேஷ்போர்டும் இருட்டு

பயந்துவிட வேண்டாம், இருப்பதிலேயே எளிய கோளாறு பெரும்பாலும் இதுதான். பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினல் இரண்டையும் கையால் திருகிப் பாருங்கள். ஆடினால் அதுதான் காரணம். குவாரி லாரிகள் உழுது போட்ட கிருஷ்ணகிரிப் பக்கத்து ரோடுகளில் தினமும் போகிற வண்டிகளில் இது சகஜம். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். 10 எண் ஸ்பானர் ஒன்றை வண்டியில் வைத்திருந்தால் பெரும்பாலான கார்களுக்குப் போதும். கழற்ற வேண்டி வந்தால் முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

டெர்மினல் இறுக்கமாக இருந்தும் இருட்டு என்றால், பேட்டரி பிளஸ் பக்கத்தில் உள்ள பெரிய ஃப்யூஸையும், மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும் பாருங்கள்.

லைட் எரிகிறது, செல்ஃப் போட்டால் டக் டக் டக்

பேட்டரி இறங்கிவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் அது ஏன் இறங்கியது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் புது பேட்டரி வாங்குகிறவர்கள் மறுநாளும் வழியில் நிற்பார்கள். நிற்பதற்கு முன்னால் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்ததா, ஹெட்லைட் மங்கியதா, ஏசி காற்று குறைந்ததா, ஸ்டியரிங் கனத்ததா என்று யோசியுங்கள். ஆம் என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை, வண்டி பேட்டரியில் மட்டுமே ஓடி அதைக் காலி செய்துவிட்டு நின்றிருக்கிறது. முதலில் பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிறது. அறுந்திருந்தால் ஜம்ப் போட்டு (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து) ஓட்டக்கூடாது, எஞ்சின் வெந்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் எண்கள் இவை. நிறுத்திய வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் பக்கம்தான் கோளாறு.

ஜம்ப் போடும் வரிசை: சிவப்பு வயரை இறந்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள், அதன் மறுமுனை உதவ வந்த வண்டியின் பிளஸ்ஸுக்கு. கறுப்பை உதவும் வண்டியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை உங்கள் எஞ்சினின் வெறும் இரும்பில் கடைசியாக மாட்டுங்கள். ஸ்டார்ட் ஆனதும் "சார்ஜ் வருதான்னு பாக்கலாம்" என்று ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுகிற பழக்கம் இன்னும் சில ஷெட்டுகளில் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். அந்த நொடி எகிறும் வோல்டேஜில் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியு போய்விடலாம், மிச்சமாகும் மல்டிமீட்டர் காசைவிட அது பல மடங்கு.

லைட் பிரகாசமாக இருந்து ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரோ அதன் சொலினாய்டோ சந்தேகம். ஜாக்கி கம்பியால் மோட்டார் உடம்பில் லேசாகத் தட்டியபடி ஒருவர் சாவி திருப்பினால் சில சமயம் எடுக்கும். ஆனால் ஸ்டார்ட்டர் கெட்டதால் ஓடுகிற எஞ்சின் நிற்காது. நின்றதற்கு வேறு காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இதில்தான் பணம் அதிகமாக வீணாகிறது. பெட்ரோல் வண்டியை முதலில் பார்ப்போம்.

திக்கித் திணறி, ஏற்றத்தில் இழுவை குறைந்து, ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க மூச்சு முட்டி நின்றது என்றால் பெட்ரோல் வரவில்லை. ஒரே வெட்டாக, பேசிக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்திய மாதிரி நின்றது என்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம். இது முழு விதி ஆகாது, ஃபியூயல் பம்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலே போனாலும் திடீரென்றுதான் நிற்கும். ஆனாலும் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று இது காட்டிவிடும்.

முதல் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. கண்ணாடிகளை ஏற்றி, ஏசி, ரேடியோ எல்லாம் அணைத்துவிட்டு சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்க வேண்டும், அதுதான் பம்ப். நெடுஞ்சாலை இரைச்சலில் கேட்காது என்றால் ஒருவரைப் பின் சீட்டில் காது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கூடவே மஞ்சள் நிற செக் எஞ்சின் விளக்கும் அப்போது எரிகிறதா பாருங்கள். சாவி ஆன் நிலையில் அது எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் ஈசியுவுக்கே கரண்ட் போகவில்லை, மெயின் ரிலேயும் அதன் ஃப்யூஸும்தான் பார்க்க வேண்டிய இடம்.

விளக்கு எரிகிறது, முனகல் இல்லை என்றால் பம்ப்பின் ஃப்யூஸ். அது நன்றாக இருந்தால் ரிலே. ஃப்யூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் படம் இருக்கும். ஹார்ன் ரிலேயும் பம்ப் ரிலேயும் பல கார்களில் ஒரே மாதிரிதான், மேலே அச்சிட்ட எண் ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஹார்ன் இல்லாமல் வீடு போய்ச் சேரலாம். ரிலே மாற்றியும் சத்தமில்லை என்றால், ஒருவர் செல்ஃப் அடிக்க இன்னொருவர் டேங்க்கின் அடியில் உள்ளங்கையாலோ செருப்பாலோ நாலு தட்டு தட்டட்டும். உள்ளே பிரஷ் தேய்ந்த பம்ப் அந்த அதிர்ச்சியில் விழித்துக்கொள்வது உண்டு. விழித்தால் எஞ்சினை அணைக்காமல் நேராக ஷெட்டுக்குப் போங்கள், அடுத்த தடவை விழிக்கும் என்று சொல்ல முடியாது. ரிசர்விலேயே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் சூடு ஆறும்.

முனகல் கேட்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை. இங்கேதான் என் கதை.

தொப்பூரில் நின்ற வண்டியை மறுநாள் ஊரில் ஒரு ஷெட்டில் விட்டேன். காலையில் ஆறிய வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. "பம்ப் வீக் சார்" என்றார்கள், மாற்றினார்கள். ஒரு வாரம் ஓடியது. மறுபடி நின்றது, அரை மணியில் ஓடியது. "பிளக் சார்." அதுவும் ஆயிற்று. மூன்றாவது முறை ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏறும் வழியில், குழந்தைகளோடு. எண்ணெய்க் குளியல் போட்டு, மீன் சாப்பிட்டு, அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். குரங்குகள் பானெட் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. பென்னாகரத்திலிருந்து பைக்கில் வந்த மெக்கானிக் தம்பி பானெட்டைத் தொடக்கூட இல்லை. முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நின்னப்ப ஆர்பிஎம் முள்ளு எப்படிண்ணா விழுந்துச்சு? வண்டி உருண்டுட்டிருக்கறப்பவே சைபருக்கு வந்துடுச்சா, இல்ல வண்டி கூடவே மெதுவா எறங்குச்சா?"

யோசித்தேன். வண்டி உருண்டுகொண்டிருந்தபோதே, எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் அந்த முள் பொத்தென்று விழுந்தது. நன்றாக நினைவிருந்தது, யாரும் அதுவரை கேட்கவில்லை.

கியரில் வண்டி உருளும்வரை, பெட்ரோல் எரியாவிட்டாலும் சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டேதான் இருக்கும். அப்படியானால் ஆர்பிஎம் முள்ளும் வேகத்தோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறங்க வேண்டும். எஞ்சின் சுற்றுகிறது, முள் மட்டும் சைபர் என்றால், எஞ்சின் சுற்றுவதே ஈசியுவுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டியது கிராங்க் சென்சார். அது வாய் மூடிக்கொண்டால் ஈசியு ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடும். அதனால்தான் குலுக்கல் இல்லாமல் ஒரே வெட்டு. மற்ற முள்ளும் விளக்கும் சேர்ந்தே செத்திருந்தால் மட்டும் சந்தேகத்தை டெர்மினல், இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே பக்கம் திருப்புங்கள்.

பழைய வகைக் கிராங்க் சென்சாருக்குள் முடியைவிட மெல்லிய கம்பிச் சுருள் இருக்கும். அதில் ஒரு விரிசல் விழுந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஏற்றம், வெயில், ஏசி, முழு லோடு எல்லாம் சேர்ந்த இடத்தில் நிற்கிறது, அரை மணியில் சரியாகிறது, காலையில் ஷெட்டில் எவ்வளவு பார்த்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. அந்தத் தம்பி கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருந்த சென்சார் மேல் கவனமாகப் போர்த்தினார். ஐந்து நிமிடம். செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்தது. மறுநாள் சென்சார் மாற்றியதோடு அந்த நோய் தீர்ந்தது.

நீங்களும் இப்படிப் பார்க்கலாம். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது துள்ளுகிறதா என்பது இன்னொரு துப்பு, சில வண்டிகளில் முள் அப்போது அசையாது என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். ஈசியு பதிந்து வைத்த கோளாறு எண்களைப் படிக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, போனிலேயே படிக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் 200 சுமாருக்கு வர வேண்டும், சைபரிலேயே நின்றால் சந்தேகம் உறுதி. பி0335 என்ற கோளாறு எண் இருந்தால் கிராங்க் சென்சாரின் மின்சுற்று, பி0340 என்றால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சென்சார். கோளாறு எண் பதியாமலும் இருக்கும், அதை வைத்து சென்சார் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

சூட்டில் நின்று ஆறினால் வேலை செய்கிற இன்னொரு பாகம், பிளக்குக்கு ஸ்பார்க் கரண்ட் தரும் இக்னிஷன் காயில். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் ஒன்று போனால் மற்றவை ஓடும், வண்டி நடுங்கிக்கொண்டே போகும். ஒரே காயில் எல்லா பிளக்குக்கும் என்றால்தான் முழுதாக நிற்கும். ஸ்பார்க் வருகிறதா என்று பிளக் வயரைக் கழற்றிக் கையில் பிடித்துப் பார்க்கும் பழைய வித்தை இந்த வண்டிகளில் வேண்டாம். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் அடிக்கும், ஈசியுவும் தாங்காது.

நிறையத் தடவை செல்ஃப் அடித்து பெட்ரோல் வாடை வந்தால் பிளக் நனைந்துவிட்டது. பத்து நிமிடம் விட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி ஐந்து நொடி செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும்.

டீசல் வண்டி திணறி நின்றது

ஃபில்டர் அடைப்பு, டீசலில் தண்ணீர், லைனில் காற்று. முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றுதான். தக்காளி ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் ஓடுகிற பிக்கப்காரர்களைக் கேளுங்கள், இதைத் தூக்கத்திலும் சொல்வார்கள்.

ஃபில்டரின் அடியில் வடிகால் திருகு இருந்தால் கொஞ்சம் திறந்து ஒரு பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் கீழே தங்கும், டீசல் மேலே மிதக்கும். தெளிந்த டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள். ஃபில்டர் மேலேயோ லைனிலேயோ கை பம்ப் இருந்தால் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். எவ்வளவு அழுத்தியும் கெட்டியாகவில்லை என்றால் காற்று எங்கோ புகுகிறது. டியூப் கண்ணாடி மாதிரித் தெரிகிற வண்டியில் குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிளிப்புகளையும் ஃபில்டர் ரப்பர் வாஷரையும் பாருங்கள், ஃபில்டர் மாற்றிய மறுநாளே நின்றால் அந்த வாஷர்தான்.

காமன் ரெயில் (டீசலை மிக அதிக அழுத்தத்தில் அனுப்பும் புது வகை எஞ்சின்) வண்டியில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கவே கூடாது. பழைய டீசல் வண்டிகளுக்கு அது சரி. இதில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும், டீசல் ஊசி மாதிரித் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். ஊசி முனை அளவு காயம் என்று விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும்.

செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது

வழக்கமான 'உர் உர் உர்' ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக 'விர்ர்' என்று சுற்றினால் கையைச் சாவியிலிருந்து எடுத்துவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும், ஒவ்வொரு செல்ஃபும் செலவைக் கூட்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் பல வண்டிகளில் கேம் தெரியும். ஒரே ஒரு தொடுதல் செல்ஃப் அடித்து அது அசையவில்லை என்றால் முடிந்தது, கிரேன்தான்.

சூடு முள் மேலே ஏறி நின்றது

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், எஞ்சின் மேல் தண்ணீரும் ஊற்றாதீர்கள். முக்கால் மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்து ஆறவிடுங்கள். ஆறிய பிறகு தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். ஆயில் ஸ்டிக்கில் பாலூற்றிய காப்பி மாதிரி இருந்தாலோ, சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்து "தருமபுரி வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் எஞ்சினையே இறக்க வேண்டி வரும்.

ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு நொடியில் நிற்கிறது

டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் மின்னினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. வளையத்தில் உள்ள மற்ற சாவிகளைக் கழற்றிவிட்டு முயலுங்கள், வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் சாவியைப் பட்டன் மேலேயே ஒட்டி வைத்து அழுத்துங்கள், பல கார்களில் சாவி பேட்டரி தீர்ந்தாலும் அப்படி எடுக்கும்.

மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது

"வண்டி நின்னுடுச்சு, வாங்க" என்று மட்டும் சொன்னால் அவர் வெறும் ஸ்பானர் பையோடு வருவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணா, பெட்ரோல் வண்டி, காரிமங்கலம் தாண்டி காவேரிப்பட்டணம் போற பக்கம். ஒரே வெட்டா நின்னுச்சு, முள்ளு உடனே சைபர். செல்ஃப் சுத்துது, பம்ப் சத்தம் கேக்குது, செக் எஞ்சின் லைட் எரியுது." சென்சாரைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தாலும் வருவார்.

கட்டி இழுத்துத்தான் போக வேண்டும் என்றால் ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு போட்டு இழுக்க விடாதீர்கள், எஞ்சின் ஓடாமல் சக்கரம் சுற்றினால் கியர்பாக்ஸ் எண்ணெய் இல்லாமல் தேயும். மேலே ஏற்றிச் செல்லும் வண்டியாகவே கேளுங்கள். கியர் வண்டியைக் கயிற்றில் இழுக்கலாம், சமதரையில் மட்டும். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் உதவி இல்லாத காரைக் கயிற்றில் இறக்க, எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள்.